0.2 சதவீத ஸ்டீவியா: ஒரு இனிப்பூட்டிக் கலவையின் சுங்க வகைப்பாடு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைத் துறைமுகம் வழியாக இறக்குமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தின் கதை இது. சர்க்கரை சேர்க்காத இனிப்பு, பிஸ்கட், ஐஸ்கிரீம் செய்பவர்களுக்கு மாற்று இனிப்பூட்டிகளை மூட்டைக் கணக்கில் விற்பார்கள். கொஞ்சத்தைத் தங்கள் பெயரில் சிறு பாக்கெட்டுகளில் அடைத்தும் விற்பார்கள். சரக்கு சீனாவில் உள்ள ஒரே உற்பத்தியாளரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. நடந்தது 2022-இன் முதல் பாதியில். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி சரக்கின் அளவையும் மதிப்பையும் முழு எண்களாக்கியிருக்கிறேன். வரி விகிதங்கள் அப்போது நடப்பில் இருந்தவை.

கன்டெய்னரில் மூன்று பொருள்கள் இருந்தன. முதலாவது எரித்ரிட்டால். குளுக்கோஸை ஈஸ்ட் வைத்துப் புளிக்கச் செய்து எடுக்கும் சர்க்கரை ஆல்கஹால் அது. பார்வைக்குச் சீனி போலவே இருக்கும், நாக்கில் வைத்தால் சில்லென்று இருக்கும், ஆனால் இனிப்பு சீனியில் அறுபது எழுபது சதவீதம்தான். இரண்டாவது ரெபாடியோசைடு ஏ, சுருக்கமாக ரெப்-ஏ. சீனித்துளசி என்கிற ஸ்டீவியா இலையிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கியது. சீனியைவிட 200 முதல் 300 மடங்கு வரை இனிப்பு. இந்தியாவில் ஸ்டீவியால் கிளைக்கோசைடுகளை உணவில் சேர்க்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் அனுமதி தந்தது. மூன்றாவது, இந்த இரண்டையும் கலந்த கலவை. எரித்ரிட்டால் 99.8 சதவீதம், ஸ்டீவியால் கிளைக்கோசைடு 0.2 சதவீதம். அந்த 0.2 சேர்ந்ததும் இனிப்பு ஏறக்குறைய சீனிக்குச் சமமாகிவிடும். ஒரு கரண்டி சீனிக்கு ஒரு கரண்டி என்று சொல்லி விற்கலாம். சந்தையில் ஓடியது இந்த மூன்றாவது சரக்குதான்.

முதல் இரண்டில் சிக்கல் எதுவும் இல்லை. எரித்ரிட்டாலின் சுங்கக் குறியீடு 2905 49, ரெப்-ஏயின் குறியீடு 2938 90. இரண்டுமே கரிம வேதிப்பொருள்களுக்கான 29-ஆம் அதிகாரத்தில் வருபவை, அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம். கலவையையும் இறக்குமதியாளர் 2905 49 என்றே காட்டி வந்தார். இதற்கு முன் இரண்டு தடவை அப்படியே வந்து, பரிசோதனை எதுவும் இல்லாமல் வெளியே போயிருந்தது. சுயமதிப்பீட்டு முறையில் கணினியின் இடர் மேலாண்மை ஒரு பில்லை, அதாவது பில் ஆஃப் என்ட்ரி எனும் இறக்குமதி அறிவிப்பைத் தடுக்காமல் விட்டது என்றால், துறை அந்தக் குறியீட்டை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தமில்லை. இறக்குமதியாளர்களில் பலர் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள்.

எழுந்த கேள்வி

மூன்றாவது தடவை பில் ஆஃப் என்ட்ரி நின்றது. முகமறியா மதிப்பீடு 2020-இல் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுக்க வந்துவிட்டதால், கேள்வி கேட்ட அதிகாரி வேறு ஊரில், வேறு துறைமுகத்தில் இருந்தார். கலவை என்று காட்டியிருக்கிறீர்கள், அது எப்படி 29-ஆம் அதிகாரத்தில் நிற்கும், ஏன் 2106 90 இல்லை என்று கணினி வழியே கேட்டிருந்தார்.

2106 என்பது வேறெங்கும் குறிப்பிடப்படாத உணவுத் தயாரிப்புகளுக்கான தலைப்பு. 2018 பட்ஜெட்டில் 2106 90-இன் கீழ் வரும் பல தயாரிப்புகளுக்கு வரியை 30-இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார்கள். அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. ஆக 8.25 சதவீதத்துக்குப் பதில் 55 சதவீதம்.

கலவை 8,000 கிலோ, மதிப்பு 24 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2905 என்றால் சுங்க வரியும் கூடுதல் வரியும் சேர்ந்து 1.98 லட்சம். 2106 என்றால் 13.20 லட்சம். வித்தியாசம் 11.22 லட்சம். இதன் மேல் ஏறும் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி-யில் இன்னும் இரண்டு லட்சம் கூடும், ஆனால் அதை உள்ளீட்டு வரவாக எடுத்துவிடலாம், அதாவது விற்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி-யில் கழித்துக்கொள்ளலாம். சுங்க வரியை அப்படி எடுக்க முடியாது. 8,000 கிலோவில் ஸ்டீவியா வெறும் 16 கிலோ. அந்தப் பதினாறு கிலோவுக்காக 11.22 லட்சம்.

கேள்வி வந்த பிறகுதான் நிறுவனத்தின் சுங்கத் தரகர் வகைப்பாட்டு ஆலோசனைக்கு என்னை அழைத்தார். நிறுவன உரிமையாளர் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார்: “சார், நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது புள்ளி எட்டு எரித்ரிட்டால்தானே? பாலில் ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா அது பால் இல்லைன்னு ஆயிடுமா?” நியாயமான கேள்விதான். பிறகு நடந்த விவாதம் எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான்.

பார்த்தவை

பதில் எழுதும் முன் சரக்கையும் காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சரக்குப் பெட்டக நிலையத்தில் கன்டெய்னரைத் திறந்து மூட்டைகளை இறக்கியிருந்தார்கள். 25 கிலோ பழுப்புக் காகித மூட்டை, உள்ளே பாலிதீன் உறை. எரித்ரிட்டால் மூட்டையின் சீட்டில் ஐ.என்.எஸ் 968 என்ற ஒரே எண். ஐ.என்.எஸ் என்பது உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண் வரிசை. கலவை மூட்டையில் 968, 960 என இரண்டு எண்கள். 960 என்பது ஸ்டீவியால் கிளைக்கோசைடு. அதன் கீழே, சீனிக்கு ஒன்றுக்கு ஒன்று இனிப்பு என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. உற்பத்தியாளரின் பகுப்பாய்வுச் சான்றிதழிலும் ஸ்டீவியால் கிளைக்கோசைடு தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. மாசுகளுக்கான பகுதியில் அல்ல, உட்கூறுகளின் பகுதியில்.

விலைப்பட்டியலில் இருந்தது “எரித்ரிட்டால் இனிப்பூட்டி” என்பதுதான். கலவை என்ற சொல்லே இல்லை. பில் ஆஃப் என்ட்ரியில் மூன்றாவது தடவைதான் தரகரின் ஊழியர் ஒருவர் சான்றிதழைப் பார்த்து விவரணையில் கலவை என்று சேர்த்திருந்தார். அதனால்தான் கேள்வியே வந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போன விண்ணப்பத்தில், உரிமையாளரின் கூட்டாளி இதை மேசை இனிப்பூட்டிக் கலவை என்றே எழுதியிருந்தார். ஒரே மூட்டைக்கு மூன்று காகிதங்களில் மூன்று பெயர்.

இன்னொன்றையும் கவனித்தோம். கலவையைக் கையில் எடுத்துப் பார்த்தால் எரித்ரிட்டால் படிகமும் ஸ்டீவியாத் தூளும் தனித்தனியாகத் தெரியவில்லை. உற்பத்தியாளரிடம் கேட்டபோது, ஸ்டீவியாவை நீரில் கரைத்துப் படிகங்களின் மேல் தெளித்து உலர்த்துவதாகச் சொன்னார்கள். தயாரிப்பு விளக்கப் படத்தையும் அனுப்பினார்கள். எங்கள் வாதத்துக்கு இது உதவவில்லை. வேண்டுமென்றே செய்த கலவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

எந்தத் தலைப்பு

உரிமையாளரின் வாதம் விகிதத்தை வைத்தது. 99.8 சதவீதம் ஒரு பொருள் என்றால் அந்தப் பொருளின் தலைப்பே பொருந்தும் என்பது. பல அதிகாரங்களில் இது எடுபடும். 29-ஆம் அதிகாரத்தில் எடுபடாது. அதன் முதல் குறிப்பு, தனித்தனியாக வேதி வரையறை உள்ள கரிமச் சேர்மங்கள் மட்டுமே இந்த அதிகாரத்தில் வரும், அவற்றில் மாசு இருக்கலாம் என்கிறது. மாசு என்றால் தயாரிப்பின்போது தானாகத் தங்கிவிட்டது. வேண்டுமென்று சேர்த்ததை மாசு என்று சொல்ல முடியாது. பால் உதாரணத்துக்கான பதிலும் இதுதான். தண்ணீர் எப்படி வந்தது என்பதைத்தான் குறிப்பு கேட்கிறது, எவ்வளவு என்று கேட்கவில்லை.

அதே குறிப்பு சில சேர்க்கைகளை அனுமதிக்கிறது. கெடாமல் இருக்கச் சேர்க்கும் நிலைப்படுத்தி, கட்டியாகாமல் தடுக்கும் பொருள், தூசி அடக்கும் பொருள், அடையாளத்துக்கோ பாதுகாப்புக்கோ சேர்க்கும் நிறமும் மணமும். அதுவும், பொதுப் பயன்பாட்டில் இருக்கும் பொருளைக் குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டுக்கே ஏற்றதாக அந்தச் சேர்க்கை மாற்றிவிடக் கூடாது. ஸ்டீவியா இந்தப் பட்டியலில் எதிலும் இல்லை. அது சேர்ந்தது இனிப்பைக் கூட்ட. 99.8 என்பது 99.98 ஆக இருந்தாலும் பதில் மாறியிருக்காது.

2938-க்குப் போகலாமா என்றும் பார்த்தோம். அந்தத் தலைப்பில் ஒரு சலுகை உண்டு. 2936 முதல் 2939 வரையிலான பொருள்களுக்கு வேதி வரையறை கட்டாயமில்லை. இலையிலிருந்து எடுக்கும்போது பல கிளைக்கோசைடுகள் சேர்ந்தே வந்தால் அந்த இயற்கைக் கலவையும் 2938-இல் நிற்கும் என்று உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. வேண்டுமென்றே செய்த கலவைகளும் தயாரிப்புகளும் வராது என்று அதே மூச்சில் சொல்லிவிடுகிறது. ரெப்-ஏ மூட்டைக்கு இது நல்ல செய்தி. கலவை மூட்டைக்குக் கதவடைப்பு.

மீதி இருந்தது 3824, வேறெங்கும் சேராத வேதித் தயாரிப்புகளுக்கான எச்சத் தலைப்பு. வரி 7.5 சதவீதம். உண்மையான சண்டை இங்கேதான். 38-ஆம் அதிகாரத்தின் குறிப்பு 1(ஆ) ஒரு விலக்கு வைக்கிறது: வேதிப்பொருள்கள், உணவுப்பொருளுடனோ ஊட்ட மதிப்புள்ள வேறு பொருளுடனோ கலந்து மனித உணவு தயாரிக்கப் பயன்படும் வகையில் இருந்தால் அவை 38-இல் வராது, பொதுவாக 2106-க்குப் போகும். உரிமையாளர் தரப்பில் இளம் வழக்கறிஞர் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டார். எரித்ரிட்டாலில் கலோரி இல்லை என்றே சொல்லலாம், கலோரி இல்லாததால்தான் விற்கிறது, ஊட்ட மதிப்பே இல்லாத பொருளுக்கு இந்த விலக்கு எப்படிப் பொருந்தும் என்றார்.

கேட்டதும் எனக்கும் பிடித்திருந்தது. விளக்கக் குறிப்பைத் திறந்தால் வாதம் பாதி சாய்கிறது, பாதி நிற்கிறது. ஊட்ட மதிப்புள்ள பொருள்கள் என்பதற்கு உதாரணம் தரும் இடத்தில், 2905 தலைப்பின் சர்க்கரை ஆல்கஹால்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. எரித்ரிட்டால் அதில் ஒன்று. கலோரிக் கணக்கைக் காட்டி இதிலிருந்து நழுவ முடியாது. ஆனால் அதே பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உணவுச் சேர்க்கைப் பொருள் போன்ற வேதிப் பணிதான் முக்கியம், ஊட்டம் அதற்குத் துணை என்றால் அதை ஊட்ட மதிப்புள்ள பொருளாகக் கொள்ள வேண்டாம் என்கிறது. விலக்கப்படுபவை ஊட்டத் தன்மைக்காக மதிக்கப்படும் கலவைகளே என்றும் சொல்கிறது. இந்தக் கலவையை யாராவது ஊட்டத்துக்காக வாங்குகிறார்களா? இல்லை. மேல்முறையீட்டில் வைத்து வாதாடக்கூடிய புள்ளி இது என்பதே இன்றும் என் கருத்து.

துறையின் கையில் இருந்த பதில் 2106-இன் விளக்கக் குறிப்பு. சாக்கரினும் லாக்டோஸ் போன்ற ஓர் உணவுப்பொருளும் சேர்ந்த, இனிப்பூட்டப் பயன்படும் மாத்திரை முதலான தயாரிப்புகள் அங்கே பெயர் சொல்லி வைக்கப்பட்டிருக்கின்றன. பல மடங்கு இனிப்பான ஒன்றைக் கொஞ்சமாக, தாங்கிப் பிடிக்கும் ஒன்றை நிறைய என்று எங்கள் கலவையின் அமைப்பும் அதேதான். லாக்டோஸ் இருக்கும் இடத்தில் எரித்ரிட்டால் இருக்கிறது, அவ்வளவுதான். விளக்கக் குறிப்புகள் நம்பகமான வழிகாட்டி என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வுட் கிராஃப்ட் வழக்கில் சொன்னதிலிருந்து, இப்படி நேராகப் பொருந்தும் குறிப்பை எந்த அதிகாரியும் விட மாட்டார்.

மொத்தத்தில் 2905, 2938 இரண்டும் கிடையாது. 3824-க்கு வாய்ப்பு உண்டு, ஆனால் 2106-க்கே வலு அதிகம். இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். உரிமையாளருக்கு அன்று என் மேல் கோபம்.

எடுத்த முடிவுகள்

சரக்கு நிற்கும் ஒவ்வொரு நாளும் காசு. நிலையத்தில் தரை வாடகை ஓடுகிறது, இலவச நாள் முடிந்ததும் கப்பல் நிறுவனம் கன்டெய்னருக்குத் தடுப்புக் கட்டணம் போடுகிறது. அதனால் முதலில் எடுத்த முடிவுக்கும் வகைப்பாட்டுக்கும் தொடர்பில்லை: மூட்டைகளை இறக்கிவிட்டு காலிப் பெட்டியைத் திருப்பியனுப்பியது. கன்டெய்னர் கணக்கு அன்றோடு நின்றது. சரக்கைச் சுங்கச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின்படி சுங்கக் கிடங்குக்கு மாற்றலாம் என்றும் பேசினோம். இடமாற்றச் செலவைப் பார்த்து விட்டுவிட்டோம்.

அடுத்தது, மாதிரி எடுப்பது. அதிகாரி பரிசோதனைக்கு உத்தரவிட, சென்னையில் உள்ள சுங்க அலுவலர்கள் கலவை மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அறிக்கை வரச் சில வாரம் ஆனது. வெண்ணிறப் படிகம், பெரும்பகுதி எரித்ரிட்டால், ஸ்டீவியால் கிளைக்கோசைடும் இருக்கிறது, தனி வேதிச் சேர்மம் அல்ல என்று வந்தது. மறுபரிசோதனை கேட்கலாம் என்று உரிமையாளரின் கூட்டாளி சொன்னார். வேண்டாம் என்றேன். உற்பத்தியாளரின் சான்றிதழும் அதையேதான் சொல்கிறது. நம் காகிதத்தையே மறுப்பதற்கு மறுபரிசோதனையா?

தற்காலிக மதிப்பீட்டுக்கு, அதாவது 18-ஆம் பிரிவில் பத்திரமும் வங்கி உத்தரவாதமும் தந்து சரக்கை எடுப்பதற்கு, தரகர் ஆர்வமாக இருந்தார். ஆய்வக அறிக்கை வராத காலத்தில் அது நல்ல வழிதான். ஆனால் வங்கி, உத்தரவாதத் தொகை முழுவதையும் வைப்பாகக் கேட்டது. அந்தப் பணத்தை வரியாகக் கட்டுவதற்கும் வங்கியில் முடக்குவதற்கும் கையிருப்பில் வித்தியாசம் இல்லை. அறிக்கைக்காகக் காத்திருந்தோம்.

காணொளி விசாரணையில் அதிகாரி இன்னொன்றைக் கிளப்பினார். விவரணை தவறு என்றால் 111(எம்) பிரிவில் சரக்கைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் விதிக்கலாம். எங்கள் பதில் இரண்டு பகுதி. பொருளைச் சரியாக விவரித்துவிட்டுக் குறியீட்டில் மட்டும் வேறு கருத்து வைப்பது தவறான அறிவிப்பு ஆகாது என்று நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-இல் சொல்லியிருக்கிறது. இந்தப் பில்லில் கலவை என்ற சொல் இருக்கிறது, பகுப்பாய்வுச் சான்றிதழ் இ-சஞ்சித்தில், அதாவது சுங்கத்துக்கு ஆவணங்களை ஏற்றும் இணையதளத்தில், ஏற்றப்பட்டிருக்கிறது. அதிகாரி ஏற்றுக்கொண்டார். பறிமுதல் பேச்சு அதோடு நின்றது. விவரணையில் ஒரு சொல்லைச் சேர்த்த அந்த ஊழியரை உரிமையாளர் ஆரம்பத்தில் திட்டியிருந்தார். அந்தச் சொல்தான் இங்கே அவரைக் காப்பாற்றியது.

கடைசியில் 2106 90 என்று மறுமதிப்பீடு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மறுமதிப்பீட்டை ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் ஒரு வாக்கியம் தந்தால் பில் உடனே நகரும். தரகர்கள் பலர் அந்த வாக்கியத்தைப் பழக்கத்தில் தட்டிவிடுவார்கள். ஆனால் 17(5)-இன்படி, இறக்குமதியாளர் எழுத்தில் ஏற்றால் அதிகாரி காரணம் சொல்லும் ஆணை பிறப்பிக்க வேண்டியதில்லை. ஏற்காவிட்டால் பதினைந்து நாளுக்குள் பிறப்பிக்க வேண்டும். 3824 வாதத்தை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோகும் வழியைத் திறந்து வைக்க வேண்டும் என்பதால், ஏற்புக் கடிதம் தரவில்லை. எதிர்ப்புடன் வரி கட்டி, ஆணை கேட்டோம். எதிர்ப்புடன் கட்டினால் மட்டும் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டுவிட முடியாது. மதிப்பீட்டு ஆணையை மாற்றாமல் ரீஃபண்ட் இல்லை என்று 2019-இல் ஐ.டி.சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

பழைய இரண்டு பில்கள்

எல்லோருக்கும் தூக்கம் கெட்டது இதில்தான். முன்பு வந்த இரண்டு சரக்கிலும் சேர்த்துக் கலவையின் மதிப்பு ஏறத்தாழ 30 லட்சம். சுங்க வரி வித்தியாசம் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். விற்று முடிந்த சரக்கு. 8.25 சதவீதம் என்று கணக்குப் போட்டு வைத்த விலைக்கு விற்றது. வாங்கியவர்களிடம் போய் இனிக் கேட்க முடியாது.

சும்மா இருந்துவிடலாம், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கருத்து இருந்தது. மறுமதிப்பீட்டு ஆணை கணினியில் ஏறிய பிறகு பழைய பில்களைத் தேடி எடுக்க யாருக்கும் பெரிய வேலை இல்லை. 28-ஆம் பிரிவில் சாதாரணத் தவறு என்றால் இரண்டு ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். மறைத்ததாகச் சொன்னால் ஐந்து ஆண்டு, அதோடு 114ஏ பிரிவில் வரிக்குச் சமமான தண்டம். அந்த இரண்டு பில்களிலும் விவரணை “எரித்ரிட்டால் இனிப்பூட்டி” என்றுதான் இருந்தது, கலவை என்று இல்லை. மறைத்தார்கள் என்று ஒருவர் எழுத நினைத்தால் அது போதும். எதிர்ப்பக்கத்தில் எங்களிடம் இருந்தது ஒன்றுதான்: இரண்டு தடவையும் பகுப்பாய்வுச் சான்றிதழ் இ-சஞ்சித்தில் ஏற்றப்பட்டிருந்தது. மறைக்க நினைப்பவர் அதை ஏற்றியிருக்க மாட்டார்.

நோட்டீஸ் வருவதற்கு முன் வித்தியாச வரியையும் 15 சதவீத வட்டியையும் தானாகவே கட்டிவிட்டுத் துறைக்கு எழுத வேண்டும், இதுதான் என் பரிந்துரை. சாதாரணத் தவறு என்ற வகையில் அப்படிக் கட்டினால் 28(2)-இன்படி நோட்டீசும் தண்டமும் இல்லை. உரிமையாளர் இரண்டு நாள் யோசித்தார். வங்கிக் கடன் எடுத்துத்தான் கட்ட வேண்டியிருந்தது. கட்டினார். கூடுதல் ஐ.ஜி.எஸ்.டி-யை வரவு எடுக்கும்போது வெறும் சலானை மட்டும் காட்டினால் ஜி.எஸ்.டி பக்கம் கேள்வி வரும் என்பதால், பில்களையே திருத்தி மறுமதிப்பீடு செய்யும்படி 149-ஆம் பிரிவில் விண்ணப்பமும் போட்டோம். அது மெதுவாகத்தான் நகர்ந்தது.

பின்னர் நடந்தவை

காரணம் சொல்லும் ஆணை வந்தது. சாக்கரின்–லாக்டோஸ் குறிப்பை முன்வைத்து, சர்க்கரை ஆல்கஹால்கள் என்ற வாசகத்தைக் காட்டி, அதிகாரி சுருக்கமாக எழுதியிருந்தார். ஊட்டத் தன்மைக்காக மதிக்கப்படும் என்ற சொற்றொடரைத் தொடவே இல்லை. மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் இருந்தது. வழக்கறிஞர் போக வேண்டும் என்றார். நானும் வாதம் நிற்கும் என்றுதான் சொன்னேன். ஆனால் ஆணையர் (மேல்முறையீடு), அப்புறம் தீர்ப்பாயம் என்று போகும் ஆண்டுகளையும் செலவையும் ஒரு சரக்கின் 11 லட்சத்தோடு வைத்துப் பார்த்தால் கணக்கு உதைத்தது. மாதம் மூன்று கன்டெய்னர் கொண்டுவரும் நிறுவனம் என்றால் போகச் சொல்லியிருப்பேன். இவர் போகவில்லை.

பதிலாக, கலவையை இறக்குமதி செய்வதையே நிறுத்தினார். எரித்ரிட்டாலும் ரெப்-ஏயும் தனித்தனியாக வரும், கலப்பது இங்கே. கிலோ 300 ரூபாய் மதிப்புள்ள கலவையில் வரி வித்தியாசமே கிலோவுக்கு 140 ரூபாய். இங்கே கலக்கும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான்.

சொல்வதற்குச் சுலபம், செய்வதற்கு இல்லை. முதலில் சாதாரணக் கலப்பானில் உலர்ந்த நிலையில் கலந்து பார்த்தார்கள். 0.2 சதவீதம் என்றால் 100 கிலோவுக்கு 200 கிராம். மாவு போன்ற ஸ்டீவியா, படிகங்களின் இடுக்கு வழியாக அடியில் இறங்கிவிட்டது. மேலே எடுத்த பாக்கெட் சப்பென்று இருக்க, அடி பாக்கெட் கசந்தது. ஸ்டீவியா அளவு மிஞ்சினால் பின்சுவையில் கசப்பு வரும். வாடிக்கையாளர் ஒருவர் திருப்பி அனுப்பிய பிறகு, மருந்துத் தொழிற்சாலைகளுக்குக் குருணை செய்து தரும் ஒரு கூலிவேலைக் கூடத்தைப் பிடித்தார்கள். அங்கே காற்றில் மிதக்கவிட்டு உலர்த்தும் இயந்திரம் உண்டு. கரைசலாகத் தெளித்து உலர்த்தினார்கள், சரியாகிவிட்டது. சீனத் தொழிற்சாலை ஏன் அப்படிச் செய்கிறது என்பது அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் மறுபொதி செய்பவர் என்பதிலிருந்து உற்பத்தியாளர் என்று மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த கன்டெய்னரில் எரித்ரிட்டாலும் ரெப்-ஏயும் ஒன்றாக வந்தபோது, இரண்டையும் சேர்த்தால் பழைய கலவைதானே என்று ஒரு கேள்வி வந்தது. பொருள் இறக்குமதியாகும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் வகைப்பாடு என்பது 1975-இல் டன்லப் இந்தியா வழக்கிலேயே சொல்லப்பட்டது. சில்லறை விற்பனைக்கான தொகுப்பாகவும் இவை வரவில்லை. 25 கிலோ மூட்டை ஒரு பக்கம், ரெப்-ஏ டப்பா ஒரு பக்கம். வந்த விகிதமும் கலவையின் விகிதம் இல்லை, ஏனென்றால் ரெப்-ஏயில் ஒரு பகுதியை அவர்கள் அப்படியே விற்கிறார்கள். பதில் எழுதியதும் பில் நகர்ந்தது.

மாற்றிக்கொண்டவை

இந்த நிறுவனம் இப்போது கொள்முதல் ஆணை போடும் முன்பே குறியீட்டை எழுதிவைக்கிறது. உற்பத்தியாளரிடம் பகுப்பாய்வுச் சான்றிதழும் தயாரிப்பு விளக்கப் படமும் கையில் வந்த பிறகுதான் விலை பேசுகிறார்கள். விலைப்பட்டியல், மூட்டைச் சீட்டு, உணவுப் பாதுகாப்பு விண்ணப்பம், பில் நான்கிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்று தரகரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். வகைப்பாட்டில் சந்தேகம் உள்ள சரக்கு இருந்தால் அதற்குக் கப்பல் நிறுவனத்திடம் தனி பில் ஆஃப் லேடிங் (சரக்கு ரசீது) வாங்குகிறார்கள். அந்த மூன்றாவது தடவை, எந்தச் சிக்கலும் இல்லாத எரித்ரிட்டாலும் ரெப்-ஏயும் ஒரே பில்லில் இருந்ததால் வாரக்கணக்கில் சேர்ந்தே நின்றன, ஐஸ்கிரீம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் அந்தச் சமயத்தில் வேறு இடம் போய்விட்டார்.

முன்கூட்டிய தீர்ப்பை, அதாவது இறக்குமதிக்கு முன்பே குறியீட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைப் பற்றியும் பேசினோம். சுங்கத்துக்கான முன்தீர்ப்பு ஆணையங்கள் 2021 தொடக்கத்திலிருந்து டெல்லியிலும் மும்பையிலும் இயங்குகின்றன. கட்டணம் பத்தாயிரம் ரூபாய், மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு. ஆனால் அதே கேள்வி ஏற்கெனவே அதிகாரியின் முன் நிலுவையில் இருந்தால் விண்ணப்பத்தை எடுக்க மாட்டார்கள், அதனால் இந்தக் கலவைக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. சரக்கு கிளம்பும் முன் போயிருந்தால் திறந்திருக்கும், 3824 வாதத்தையும் குறைந்த செலவில் அங்கேயே வைத்துப் பார்த்திருக்கலாம். நிறுவனம் இப்போது சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டியைக் கரையும் நாரோடு சேர்த்த ஒரு புதுப் பொருளைக் கொண்டுவர யோசிக்கிறது. தனி சுக்ரலோஸ் 2932 14. நாரோடு சேர்ந்தால் என்ன என்பதற்கு விண்ணப்பம் தயாராகிறது, சரக்கு இன்னும் ஆர்டர் ஆகவில்லை.